கேட்டவர் கையெழுத்து

தங்கபுஷ்பத்துக்கு வாய்த்த குரு அவளைவிட ஒன்பது வயது சின்னவள். முதல் நாளிலிருந்தே இது அவளுக்கு ஆகவில்லை.

குருவின் பெயர் ஆக்னஸ். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பிரசவ அறை வேலை. அதோடு பேறுகாலச் செவிலியர் படிப்புக்கு ஆசிரியை. படிப்பு பதினெட்டு மாதம். பாடம் முழுக்கச் செல்போனில் நடக்கும். செய்முறை அவரவர் வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில். அறுபத்திரண்டு மாணவிகள். ஆக்னஸின் முகத்தை அவர்கள் தீப்பெட்டி அளவில்தான் பார்த்திருந்தார்கள்.

தங்கபுஷ்பம் பதினாறு வருஷமாக ஒப்பந்த நர்ஸ். வயது தாண்டிவிட்டது, இடம் கிடையாது என்று சொன்ன அலுவலக வாசலில் மூன்று நாள் நின்று, நாலு பேரிடம் சண்டை போட்டு, ஐந்தாவது ஆளைப் பேசியே களைக்க வைத்து வாங்கிய இடம் இது. அவள் வாழ்க்கையில் தானாக வந்து மடியில் விழுந்தது என்று எதுவும் இல்லை. எல்லாம் பேசி வாங்கியதுதான். படிப்பை முடித்துவிட்டால் வேலை நிரந்தரம்.

படிப்பின் பதினோராவது மாதத்தில், அவள் பார்த்துவந்த கர்ப்பிணி சந்தனமாரியின் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது.

எட்டு மாதம் முடிந்திருந்தது. முதல் பிள்ளை. அசைவு நின்று இரண்டு நாள் கழித்துத்தான் தாய் வந்து சேர்ந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அது நடந்து இன்றோடு ஒன்பது நாள். நாளைக் காலை பதினொரு மணிக்கு விசாரணைக் கூட்டம். அங்கே ஒரே கேள்விதான் கேட்பார்கள். பிள்ளையின் அசைவு குறைந்தால் உடனே வரவேண்டும் என்று அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார்களா, இல்லையா?

சொல்லிக்கொடுத்ததற்குத் தாள் இருக்கிறது. தாளில் ஆசிரியையின் கையெழுத்து மட்டும் பாக்கி. அது விழுந்தால் தங்கபுஷ்பம் தப்பித்தாள். விழாவிட்டால் படிப்பும் போச்சு, பதினாறு வருஷமும் போச்சு.

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தாளும் கையுமாக ஆக்னஸின் அறைக்குள் நுழைந்தாள். ஆக்னஸ் அப்போதுதான் ஒரு பிரசவம் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள். நேரில் பார்த்தால் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். அதுவும் தங்கபுஷ்பத்துக்கு எரிச்சலாக இருந்தது.

“உக்காருங்கக்கா.”

“உக்கார நேரமில்ல மேடம். ஒரு கையெழுத்து. பஸ்ஸுக்குப் போகணும்.”

ஆக்னஸ் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். சுகாதாரக் கல்விப் பதிவுத் தாள். தலைப்பு: கருவில் குழந்தையின் அசைவு. தேதி: போன மாதம் பதினாலு. சொன்னவர்: தங்கபுஷ்பம். அதற்குக் கீழே, கேட்டவர் கையெழுத்து. அந்த இடத்தில் கையெழுத்து இல்லை. செல்போன் திரையைப் படமெடுத்து, அச்சடித்து, குண்டூசி குத்தியிருந்தது. படத்தில் ஒரு குரல் செய்தி. அது கேட்கப்பட்டதற்கான நீல நிறம். அதன் கீழே ஒரு கட்டைவிரல் பொம்மை.

“இது என்னக்கா?”

“குரூப்புல போட்டேன். நாலு நிமிஷம் பத்து செகண்ட். உங்க பாடத்துல சொன்ன பாயிண்ட் ஒண்ணு விடாம பேசியிருக்கேன். ஸ்டோர் ரூமுக்குள்ள கதவச் சாத்திட்டு, ஃபேன நிறுத்திட்டு, மூணு தடவ பேசி, நல்லா வந்ததத்தான் போட்டேன். போட்டுக் கேக்கீங்களா?”

“இந்தக் கட்டைவிரல்?”

“புரிஞ்சவங்க கட்டைவிரல் போடுங்கன்னு சொன்னேன். சந்தனமாரி நம்பர்லேருந்து மூணே நிமிஷத்துல வந்துச்சு.”

“நாலு நிமிஷத்துப் பேச்சுக்கு மூணு நிமிஷத்துலயா?”

தங்கபுஷ்பம் இதை இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அவளா விடுவாள்.

“வேகமா ஓட்டிக் கேட்டிருப்பா. இப்ப யாரு மெதுவா கேக்கா? நாங்களே உங்க கிளாஸ ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டித்தான் கேக்கோம்.”

ஆக்னஸ் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“குழுவுல எத்தனை பேர்?”

“முப்பத்தெட்டு. ‘இளந்தளிர் தாய்மார்’னு பேரு. நாந்தான் வச்சேன்.”

“முப்பத்தெட்டும் தாய்மாரா?”

“பின்ன?”

“இந்தப் படத்துல தாடியோட ஒருத்தர் பைக்ல உக்காந்திருக்கார். சந்தனமாரி இவர்தானா?”

தங்கபுஷ்பத்துக்கு முகம் சிவந்தது.

“அது அவ புருசன் நம்பர் மேடம். எங்க ஊர்ல எத்தன பொம்பளைக்குத் தனிப் போன் இருக்கு? வீட்டுக்கு ஒரு போன். அதுல வந்தா வீட்டுக்கு வந்த மாதிரிதான். இந்தாங்க, நான் நேராவே கேக்கேன். நான் சொல்லிக்கொடுத்தேனா, இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

ஆக்னஸ் தாளை நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்தாள். மேசைக்கு அடியிலிருந்து செருப்பைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“வாங்க, போவோம்.”

“எங்க?”

“கேட்டவங்ககிட்ட.”

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தங்கபுஷ்பம் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். சட்டம் பேசினாள், நியாயம் பேசினாள். மற்ற நிலையங்களில் இதைக்கூடச் செய்யவில்லை, மாரியாத்தா படத்தைப் போட்டு காலை வணக்கம் சொன்னதையே சுகாதாரக் கல்வி என்று எழுதியிருக்கிறார்கள் என்றாள். கடைசியில் இறங்கியும் வந்தாள். “சரி, ‘முறையாக நடந்தது’ன்னு எழுத வேணாம். ‘பார்த்தேன்’னு மட்டும் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அது போதும்.” ஆக்னஸ் ஜன்னல் வழியாக உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பேரத்தில் பேசாத ஆளைப் போல மோசமான ஆள் கிடையாது என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும்.

சந்தனமாரியின் வீடு உப்பளத்துக்குப் போகும் பாதையில் இருந்தது. வாசலில் அவள் புருஷன் இசக்கிராஜ் உட்கார்ந்திருந்தான். உப்பு லாரி ஓட்டுகிறவன். ஒன்பது நாளாக வண்டி ஏறவில்லை. நர்ஸைப் பார்த்ததும் எழுந்து மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டான்.

உள்ளேயிருந்து மல்லிகைப்பூ வாசனை வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் யாருக்குப் பூ கேட்கிறது என்று தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது.

ஆக்னஸ் முன்வாசல் திண்ணையில் ஓரமாக உட்கார்ந்தாள். தங்கபுஷ்பத்தால் பொறுக்க முடியவில்லை.

“இசக்கி, இவங்க எங்க மேடம். ஒரு விஷயம் கேக்கணும். போன மாசம் பதினாலாம் தேதி குரூப்புல நான் ஒரு பேச்சு போட்டேன்ல?”

“போட்டீங்க.”

“கேட்டேல்ல?”

“கேட்டேன்.”

தங்கபுஷ்பம் ஆக்னஸைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாயா என்று வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான் குறை.

“முழுசாக் கேட்டீங்களா தம்பி?” என்று ஆக்னஸ் கேட்டாள்.

இசக்கிராஜ் தரையைப் பார்த்தான்.

“வண்டியில இருந்தேங்க. லோடு ஏத்துற ஆளுக எட்டுப் பேரு பின்னால. போட்டேன். கருவில் குழந்தைன்னு அக்கா ஆரம்பிச்சாங்க. டேய், உங்க வீட்டுப் பிரசவத்த ஊருக்கே மைக் வைக்கியான்னு ஒருத்தன் கேட்டான். எல்லாவனும் சிரிச்சானுவ. கூச்சமாப் போச்சு, நிறுத்திட்டேன்.”

“கட்டவிரல் போட்டியே?” தங்கபுஷ்பம் விடவில்லை.

“நீங்க போடலைன்னா போன் பண்ணி ஏசுவீங்கல்லக்கா. அதான் உடனே போட்டுட்டேன்.”

“வீட்டுக்கு வந்து அவகிட்டப் போட்டுக் காட்ட வேண்டியதுதானே?”

“காட்டணும்னுதான் நெனச்சேன். வந்து பாத்தா அதுக்கு மேல நாப்பது மெசேஜ். குட் மார்னிங், பூப்படம், ஒருத்தன் பழைய டயர் விக்கான், அதுக்கு நாலு பேரு வெல கேக்கான். உங்க பேச்சு அடியில போயிருச்சு. நானும் மறந்துட்டேன்.”

“என்ன மறந்தே? பொண்டாட்டி வயித்துல பிள்ள இருக்கத மறந்தியா? நான் தொண்ட வரளப் பேசியிருக்கேன். எடு போன. எடு, போடு. நான் சொன்னேனா இல்லையான்னு மேடம் கேக்கட்டும்.”

ஆக்னஸ் “அக்கா, வேணாம்” என்றாள். இப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

கோபம் வந்தால் தங்கபுஷ்பத்துக்குக் காது கேட்காது. அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, மேலே தள்ளித் தள்ளித் தேடி, அழுத்திவிட்டாள். சத்தத்தை முழுக்க வைத்தாள்.

“அன்பார்ந்த கர்ப்பிணித் தாய்மார்களுக்கு வணக்கம். இன்றைய தலைப்பு, கருவில் குழந்தையின் அசைவு.”

அவளுடைய குரல்தான். வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற குரல். சாப்பிட்ட பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து அசைவை எண்ணுவது எப்படி என்று சொன்னது. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு என்றது. பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, “அசைவு குறைந்தாலோ நின்றாலோ, குழந்தை தூங்குகிறது என்று நினைத்து அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே கிளம்பி வரவும்” என்றது.

நன்றி, வணக்கம் சொல்லிக் குரல் முடிந்தது.

கதவடியில் சந்தனமாரி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வயது. சேலைத் தலைப்பைப் போர்த்தியிருந்தாள். மல்லிகை வாசனை அவள் மேலிருந்துதான் வந்தது.

“இது எப்பக்கா சொன்னது?”



“போன மாசம்” என்றான் இசக்கிராஜ்.

“இதத்தான் சொன்னீங்களாக்கா அன்னிக்கி?” சந்தனமாரி தங்கபுஷ்பத்தைப் பார்த்துக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. “பிரஷர் பாக்க வந்தேன்ல. கைல பட்டிய மாட்டிக்கிட்டே, குரூப்புல போட்டிருக்கேன் பாத்துக்கோன்னீங்க. சரிக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். என்ன ஏதுன்னு நான் கேக்கல. எம்மேலதான் தப்பு.”



“தூங்குதுன்னுதான் நெனச்சேன்” என்றாள் சந்தனமாரி. “தூங்கட்டும்னு அசையாமப் படுத்திருந்தேன். ரெண்டு நாளா.”

இசக்கிராஜ் எழுந்து பாதையைத் தாண்டிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

ஆக்னஸ் எழுந்தாள். சந்தனமாரியின் முன்னால் போய் நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னாள். சந்தனமாரி தலையசைத்தாள். இருவரும் உள்ளே போனார்கள். தங்கபுஷ்பம் வாசலிலேயே நின்றாள். பிறகு, கூப்பிடாமலேயே, அவளும் போனாள்.

உள்ளே சந்தனமாரி தலைப்பை விலக்கினாள். ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. பால் வற்றுவதற்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்து, அதன் மேல் ஒரு துண்டை மூச்சுமுட்டக் கட்டிவிட்டிருந்தார்கள். துண்டின் விளிம்பு தோலில் பதிந்து வரி வரியாகச் சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது இதைப் பற்றி இவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலூட்டுவது எப்படி என்று பாடத்தில் மூன்று வகுப்பு உண்டு. ஊட்டப் பிள்ளை இல்லாதவளுக்கு என்று ஒரு வகுப்பும் இல்லை. குரூப்பில் போடவும் எதுவும் இல்லை.

ஆக்னஸ் பானைத் தண்ணீரில் கை கழுவினாள். துண்டை மெல்ல அவிழ்த்தாள்.

“பூ இருக்கட்டும். இது மட்டும் இவ்வளவு இறுக்கம் வேண்டாம். தாங்குற மாதிரி ரவிக்கை போதும். ஈரத்துணி வைக்கணும், சில்லுன்னு. பாலைப் பீச்சிப் பீச்சி எடுத்தா இன்னும் ஊறும். வலி தாங்கலைன்னா கொஞ்சமா, வலி குறையுற அளவுக்கு மட்டும். சிவந்து சூடா இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரணும்.”

“சரிக்கா.”

“சரி வேண்டாம்மா. இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க.”

சந்தனமாரி முழித்தாள். பிறகு சொன்னாள். “ஈரத்துணி வைக்கணும். பால எல்லாம் எடுத்துரணும்.”

“எல்லாத்தையும் எடுத்தா?”

“ஊறும்.” கொஞ்சம் யோசித்தாள். “வலிச்சா மட்டும். கொஞ்சமா.”

“வேற?”

“காச்ச வந்தா வரணும்.”

“எப்போ வரணும்?”

“உடனே.”

“அடுத்த நாள் பாத்துக்கலாமா?”

சந்தனமாரி தலையை ஆட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஆக்னஸ் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அழுது முடியும்வரை அப்படியே நின்றாள். அவளுடைய வெள்ளைக் கோட்டில் பால் ஊறியது.

தங்கபுஷ்பம் ஈரத்துணியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது வெயில் இறங்கவில்லை. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. வழி முழுக்கப் பேசாமல் வந்த தங்கபுஷ்பத்துக்கு இப்போது வாய் திறந்தது. பயந்தால் அவள் சண்டைக்குத்தான் போவாள். வேறு வழி அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

“எம்மேல மட்டும் பழியப் போடாதீங்க மேடம். சொல்லுங்க, இதெல்லாம் எங்களுக்கு யாரு கத்துக்கொடுத்தா? ஏழாவது கிளாஸ் யாரு எடுத்தது? தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறைகள். நீங்கதான எடுத்தீங்க?”

“ஏழாவது வகுப்புக்கு வந்திருந்தீங்களாக்கா?”

“வந்தேனே. வருகைப் பதிவப் பாருங்க. பரீட்சையில இருபதுக்கு இருபது.”

“நான் என்ன சொன்னேன் அதுல?”

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். அன்றைக்கு அறுபது குழந்தைகளுக்குத் தடுப்பூசி. போன் அவளுடைய மேல்கோட்டுப் பையில் பேசிக்கொண்டிருந்தது. இருபது கேள்விக்கும் விடை மாணவிகளின் இன்னொரு குரூப்பில் வந்தது. பார்த்து அழுத்தினாள்.

“ஞாபகமில்ல” என்றாள். தோற்ற மாதிரி இல்லாமல், சவால் விடுகிற மாதிரியே சொன்னாள். “சரி, நீங்களே சொல்லுங்க. என்ன சொன்னீங்க?”

“எனக்கும் ஞாபகம் இல்லக்கா.”

“என்னது?”

“அது ரெண்டு வருஷம் முன்னாடி பேசிப் பதிவு பண்ணது. அதுதான் வருஷா வருஷம் ஓடும். உங்க வகுப்பு நடந்த அன்னைக்கு நான் பிரசவ அறையில இருந்தேன். ஓட விட்டுட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் நானும் அதைக் கேட்டதில்ல.”

தங்கபுஷ்பம் அவளையே பார்த்தாள். அடிக்கப் போகிறவள் மாதிரியும் இருந்தது, விழப் போகிறவள் மாதிரியும் இருந்தது.

“அப்போ அந்த கிளாஸ்ல இருந்தது யாருதான் மேடம்?”

“அறுபத்திரண்டு பேர். ஒருத்தர்கூட விடுப்பு இல்ல. பட்டியல் அனுப்பியிருக்கேன். என் கையெழுத்தோட.”

தூரத்தில் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. தங்கபுஷ்பம் மடித்த தாளை இடுப்பிலிருந்து எடுத்தாள். வியர்வையில் ஓரம் ஊறியிருந்தது. அதைப் பிரித்து, குண்டூசியோடு அந்தப் படத்தைப் பிய்த்துக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். இப்போது அந்த இடம் காலியாக இருந்தது. ஊசி குத்திய இரண்டு ஓட்டை மட்டும்.

அவள் குரல் இறங்கியிருந்தது. பேரம் பேசுகிற குரல் அது இல்லை.

“நாளைக்குப் பதினொரு மணிக்குக் கேப்பாங்க மேடம். இந்த எடத்துல என்ன எழுத?”

ஆக்னஸ் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“சந்தனமாரின்னு எழுதுங்க. கீழே நான் கையெழுத்துப் போடுறேன். தேதியை மட்டும் மாத்துங்க. அவங்க இன்னைக்குத்தானே கேட்டாங்க.”